சுவர் சொல்லும் சான்று



சோவியத் ஆட்சிக் காலத்துச் சுவர்ச் சித்திரங்களை ஆராய உதகமண்டலத்தில் ஒரு மகாநாடா என்று வியப்போருக்கு, இந்த மலைச்சரிவில் விளைந்த தேயிலையில் கணிசமான பங்கு பல்லாண்டு காலம் அந்நாட்டுச் சந்தைக்கே போயிற்று என்பதையும், 1991-இல் அந்த யூனியன் கலைந்தபின் விலை சரிந்து நம் சிறு விவசாயிகள் பட்ட பாட்டையும் நினைவூட்டினால் போதும். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாருடன் ஒப்பந்தம் செய்து, இலங்கைத் தோட்டத் தமிழர் பலர் இந்த மலைக்கு வந்து குடியேறக் காரணமான லால் பகதூர் சாஸ்திரி, 1966 ஜனவரி 11-ஆம் நாள் உயிர் நீத்தது அன்றைய சோவியத் நகரான தாஷ்கண்டில்; அதே ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் பூகம்பத்தில் இடிந்து பின்னர் எழும்பிய அந்நகரின் அடுக்குமாடி வீட்டுச் சுவர்களே நமது விவாதத்தின் நடுநாயகம்.

இக்கலை அரசின் ஆடம்பரத்தில் பிறந்தது என்பது பொதுவான அபிப்பிராயம். மாஸ்கோவில் 1938-இல் திறந்த மாயகோவ்ஸ்காயா சுரங்க ரயில் நிலையத்தைப் பொறுத்தவரை அது மெய்யே. ஓவியர் தெய்னேகா வரைந்த சித்திரங்களை அந்நிலையத்தின் விதானத்துக்காக வண்ணக் கண்ணாடியில் பதித்துக் கொடுத்த ஃப்ரோலோவ், 1942-இல் லெனின்கிராட் முற்றுகையிலேயே மாண்டார். உலோக ஆக்ஸைடுகளால் நிறமேற்றிய கண்ணாடியை வில்லையாக வார்த்து, உளிமுனைமேல் வைத்துச் சுத்தியால் தட்டித் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒளி பிடிக்கும்படி சற்றே சாய்த்துப் பதிக்கும் அந்த வேலையின் பொறுமையை, நம் ஐம்பொன் ஸ்தபதிகள் நன்கு உணர்வார்கள்.

ஆனால் 1955-இல், கட்டிடக் கலையின் வீண் அலங்காரங்களை ஒழிக்க வேண்டுமென்று அரசு ஆணையிட்டபின், ஆலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளைக் கொண்டு வீடுகள் எழும்பின; தூணும் போதிகையும் போய் மொட்டைச் சுவர் மிஞ்சியது. அந்த மொட்டைச் சுவரே ஓவியனுக்குக் கிடைத்த மானியம்! தாஷ்கண்டில் ஜார்ஸ்கி சகோதரர்கள் அதன்மீது உஸ்பெக் மரபுக் கோலங்களையே பதித்தார்கள். மற்ற நகரங்களில் விண்வெளி வீரரும் சமாதானப் புறாவும் சலிப்பூட்டும்படி திரும்பத் திரும்ப வந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. எல்லாம் மகோன்னத சிருஷ்டி என்று கூத்தாடுவது ஆராய்ச்சியாகாது.

எனினும் அரசின் பிரசாரம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவோர், உக்ரேனிய ஓவியர் ஆல்லா ஹோர்ஸ்காவைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஆட்சியை எதிர்த்ததற்காக ஓவியர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்ட அப்பெண்மணி, 1967-இல் மரியுபோல் நகரச் சுவர்களைத் தோழர்களுடன் சேர்ந்து அலங்கரித்தார், 1970-இல் கொலையுண்டார், அச்சித்திரங்கள் 2022 யுத்தத்தில் சிதைந்தன. ஊதியம் கொடுத்த ஆட்சியும், உளி பிடித்த கையும் ஒன்றல்ல.

ஆகவே, கூலி கொடுத்தவனை முன்னிட்டுச் சுவரை இடிப்பதும், அவனை முன்னிட்டே போற்றுவதும் இரண்டுமே அவிவேகம் என்பதே என் துணிபு. இங்குள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாஷ்கண்டுக்குப் போகுமுன், இயக்கம் நின்றுபோன இந்துநகர் ஃபிலிம் தொழிற்சாலை முதல் குன்னூர், கோத்தகிரித் தேயிலை ஆலைகள் வரை உள்ள சுவர்களையும் பெயர்ப்பலகைகளையும், அவற்றைச் செய்தவர்களின் பெயர்களோடு, அடுத்த வெள்ளையடிப்புக்குள் பதிவு செய்யுங்கள். மகாநாட்டைத் துவக்கி வைக்கிறேன்; முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.