சாவி யார் கையில்?

(கிட்வாய் நகரில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்கச் செயலாளருமான தோழர் ஆற்றிய உரை.)

தோழர்களே! தாய்மார்களே! முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

நான் இன்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று கேள்விப்பட்ட ஒரு தோழர், "பத்தாவது படித்த ரயில்வே குமாஸ்தாவுக்கு இது எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டருக்குள்ளே என்ன நடக்கிறது என்று விளக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு மனிதனுக்கு அதன்மேல் முதல்முதலாக எப்படி ஆர்வம் வருகிறது, நம்மில் பலருக்கு ஏன் வராமலே போயிற்று என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எனக்கே அது வராமல் பல வருடங்கள் போயின.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் சங்க அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நல்ல மனம் படைத்த ஒருவர் போன வருடம் கொடுத்தது. பிள்ளைகள் கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று அதற்கு உறை போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவன் நான்தான். இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் அந்தச் சாவியைப் பற்றி நாம் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

நாம் கூடியிருக்கும் இந்த நகர் ரஃபி அகமது கிட்வாய் அவர்களின் பெயரைத் தாங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர் அவர். தொலைபேசியைப் பரப்பத் திட்டம் போட்டவர். ஆனால் அந்த நாளில் தொலைபேசி என்பது பெரிய வீட்டுச் சாமான். சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் தாய்மார்கள் கோட்டிகளில் அதைத் தினமும் துடைத்து வைத்தார்கள். அதில் பேசவில்லை. பிறகு அதே வீடுகளில் கம்ப்யூட்டர் வந்தது. அதையும் துடைத்தார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "எட்டு வருசம் துடைச்சேன் தம்பி. பொத்தான்மேல துணி படக்கூடாதுன்னு அந்தம்மா தினமும் சொல்லும்." எட்டு வருடம் பழகிய ஒரு பொருளின்மேல் அவருக்கு வந்தது ஆர்வமா, பயமா? நீங்களே சொல்லுங்கள்.

நான் வேலை பார்க்கும் ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் முதல்முதலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தது டிக்கெட் ஜன்னலில்தான். அதற்கு முன் முன்பதிவு எல்லாம் பேரேட்டில் நடந்தது. ஜி.டி.க்கு ஒரு வரிசை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு ஒரு வரிசை என்று நின்ற கதையை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1985 நவம்பரில் புதுதில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்ற நிலை வந்தது. நமக்கு அதனால் நன்மைதான். ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நமக்குத் தெரிந்தது அந்தப் பெட்டியின் முதுகு மட்டுமே. முகம் குமாஸ்தாவைப் பார்த்திருந்தது.

குமாஸ்தாக்களுக்கு மட்டும் ஆர்வம் பொங்கியதா என்றால் அதுவும் இல்லை. பேரேட்டில் முத்து முத்தாக எழுதி வந்த பெரியவர்கள், மேலிடத்து உத்தரவுக்காகப் பயந்து பயந்து பழகினார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. நிர்வாகம் கம்ப்யூட்டரைக் கொண்டுவர முயன்றபோது ஊழியர்கள் கட்டடத்துக்கு இரவு பகலாகக் காவல் நின்றார்கள். அவர்களைப் பத்தாம்பசலிகள் என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் கேலி செய்ய மாட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் உழைக்கிறவனின் வயிற்றிலிருந்து வருகிற பயம். இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இணையம் வழியாகவே எடுக்கப்படுகின்றன. 2002 ஆகஸ்டில் தொடங்கிய ஏற்பாடு அது. ஜன்னலில் உட்காரும் வேலை குறைந்தது கண்கூடு. ஆகவே இயந்திரம் வந்தால் எல்லாம் நன்மையே என்று உங்களிடம் சொல்ல நான் வரவில்லை. இயந்திரம் எப்படியும் வந்துவிட்டது, அதை யார் கற்றுக்கொள்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதே இப்போது நம் முன் உள்ள கேள்வி என்கிறேன்.

இனி 1999-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. அந்த ஆண்டு என் அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து என்னை ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஆறு மாதப் படிப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏ.சி. அறையில் பயபக்தியோடு உட்காருவோம். கம்ப்யூட்டரின் பாகங்கள் எவை என்று வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். ஆறு மாதத்தில் நான் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தது நான்கு முறை. சான்றிதழ் கொடுத்தார்கள். ஆர்வம் செத்துவிட்டது. கம்ப்யூட்டர் நம்மைப் போன்றவர்களின் மூளைக்கு ஏறாது என்று நானே முடிவு கட்டினேன். அம்மாவின் தோடும் மீளவில்லை.

அதே 1999-இல், ஜனவரி 26-ஆம் தேதி, இங்கிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய கல்காஜியில் ஒரு காரியம் நடந்தது. எனக்கு அது தெரிய வந்தது பல வருடம் கழித்துத்தான். என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் அலுவலகச் சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. அங்கே வேலை செய்த சுகதா மித்ரா என்ற விஞ்ஞானி அந்தச் சுவரில் ஓட்டை போட்டு, இணைய வசதியுள்ள ஒரு கம்ப்யூட்டரை வெளிப்பக்கம் பார்த்துப் பதித்துவிட்டார். வாத்தியார் இல்லை, கட்டணம் இல்லை, விளக்கமும் இல்லை. குடிசைப் பிள்ளைகள் வந்தார்கள், தொட்டார்கள். கை நகர்ந்தால் திரையில் அம்புக்குறி நகர்வதைக் கண்டார்கள். ஒருவன் கண்டதை இன்னொருவனுக்குக் காட்டினான். சில நாட்களுக்குள் இணையத்தில் உலாவினார்கள், படம் வரைந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர்கள் தெரியாது. அதனால் அவர்களே பெயர் வைத்தார்கள். அம்புக்குறிக்கு 'சுயி', அதாவது ஊசி. காத்திருக்கச் சொல்லித் திரையில் வரும் மணல் கடிகாரத்துக்கு 'டமரு'. டமரு என்றால் நம் ஊர் உடுக்கை! மாரியம்மன் கோவில் உடுக்கையை நினைத்துப் பாருங்கள், மணல் கடிகாரத்தின் வடிவம் அதுதானே? நான் ஆறு மாதம் பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்து ஒன்றும் கற்கவில்லை. அவர்கள் பெயரே தெரியாமல் தொட்டுப் பார்த்து, பிறகு தங்கள் வீட்டுப் பேச்சிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆர்வம் பிறக்கும் வழி இதுதான். முதலில் கை படுகிறது. பிறகு கேள்வி வருகிறது. பாடம் அதற்கும் பிறகு.

ஆனால் தோழர்களே, ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அமைப்பாளனுக்கு அழகல்ல. அந்தச் சுவர்க் கம்ப்யூட்டர்களைப் பற்றிக் குறை எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. பெரிய பையன்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், பெண்பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள், பெரும்பாலும் விளையாட்டே நடந்தது, இணையம் அடிக்கடி வேலை செய்யவில்லை, இந்தியில் படிக்க ஒன்றும் இல்லை என்றெல்லாம் எழுதினார்கள். ஓட்டை போட்டுவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. வலுத்தவன் கைக்கே அதுவும் போகும்.

அதற்கு மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? நம் தமிழ்ப் பிள்ளைகளிடம்தான். கலிக்குப்பம் என்ற கிராமத்தில் அதே மித்ரா இன்னொரு சோதனை செய்தார். 2010-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. தமிழ் மட்டுமே பேசும், பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம், ஆங்கிலத்தில் உள்ள கடினமான உயிரியல் பாடத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தாமாகவே படித்து, சோதனையில் ஏறத்தாழ முப்பது சதவீத மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு உயிரியல் தெரியாத ஓர் இளம்பெண்ணை அவர்களோடு இருக்கச் சொன்னார்கள். அவர் பாடம் நடத்தவில்லை. பின்னால் நின்று, "அட, இது எப்படி? எனக்கும் காட்டு" என்று நம் பாட்டிமார் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். மதிப்பெண் ஐம்பதுக்கு வந்தது. தில்லியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் எடுத்த அளவு அது.

இதைப் படித்தபோது எனக்கு என் அலுவலகம் நினைவுக்கு வந்தது. அப்பா பணியில் இருக்கும்போதே காலமானதால் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் காகிதக் கோப்புகளோடு காலம் தள்ளினேன். ஒருநாள் நம் பகுதிப் பெண் ஒருவர், ஊரில் தாயார் இறந்துவிட்ட செய்தி வந்து, காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு என்னைத் தேடி வந்தார். நான் ஒரு மூத்த சகாவிடம் ஓடினேன். டிக்கெட்டில் இருந்த பத்து இலக்க எண்ணைக் காட்டினேன். அவர் தட்டினார். பெர்த் உறுதியாகியிருந்தது. அந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

திரும்பி வந்து, "இந்த எண்ணுக்குள் என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டேன். ஆயுளில் கம்ப்யூட்டரைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது. முதல் இலக்கங்கள் எந்த மையத்தின் பதிவு என்பதைக் காட்டும் என்றார். 1999 ஏப்ரலில் எல்லா மையங்களும் இணைக்கப்படும் வரை, தில்லி இயந்திரத்துக்குச் சென்னைப் பதிவு தெரியாது, திரும்பும் டிக்கெட்டுக்குத் தந்தி அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்றார். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்து, "நீயே தட்டிப் பார்" என்றார். "கெட்டுப்போனால்?" என்றேன். "கெடாது. கெட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை, ஆறு மாதச் சென்டரில் கிடைக்காததை எனக்குக் கொடுத்தது. அப்படிப்பட்ட மனிதர் எனக்குக் கிடைத்தும், நம் பிள்ளைகளுக்கு நான் அப்படி இருக்கவில்லை. பூட்டுப் போட்டவன் நான்.

"இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, தனியாகக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று கேட்பீர்கள். நம் பையன்கள் எத்தனை பேர் மூட்டை சுமந்து வீடு வீடாகப் பொருள் கொடுக்கிறார்கள்! எந்த வீட்டுக்குப் போ, எத்தனை நிமிடத்தில் போ என்று அவர்களுக்கு உத்தரவு போடுவது அந்தப் போன்தான். கூலியைக் கணக்கிடுவதும் அதுதான். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று கேட்கத் தெரிந்த ஒருவன் நமக்குள்ளே வேண்டாமா? பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் போனால் வந்துவிட்டது. எழுத, கணக்குப் போட, தானே ஒன்றைச் செய்து பார்க்க ஒரு மேஜையும் விசைப்பலகையும் வேண்டும்.

தாய்மார்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டு வேலை செய்வோரும் கட்டட வேலை செய்வோரும் அதில் பதியலாம். தாமாகப் பதிந்தால் கட்டணம் இல்லை. ஆனாலும் நம்மில் பலர் கடையில் பணம் கொடுத்தே பதிந்தோம். நம் அறை பூட்டிக் கிடந்தது.

ஊரில் இருந்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மேல்நிலை வகுப்பில் ஒன்று கிடைத்திருக்கும். தில்லியில் படித்ததால் அது இல்லை. ஆனால் தமிழ் நம்மோடு வரத் தடையில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் மெய்யெழுத்து வரிசை. 'க'வைத் தட்டி 'இ'யைத் தட்டினால் 'கி'. தில்லியில் பிறந்து, பாட்டியோடு தமிழில் பேசி, எழுதத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு உயிர்மெய் என்றால் என்ன என்பதை அந்தப் பலகையே சொல்லிக்கொடுத்துவிடும். பாட்டிக்கு ஒரு கடிதம் எழுத உட்காரட்டும். ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது பாருங்கள்.

ஆகவே என் யோசனை இது. தினமும் மாலை இரண்டு மணி நேரம் அறை திறந்திருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பெண்பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் மட்டும். ஒரு நேரத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்காரட்டும், ஒருவர் மற்றவருக்குக் காட்டட்டும். பாட்டிமார் ஒருவர் முறைவைத்துப் பின்னால் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "எனக்கும் காட்டு" என்று கேட்கத் தெரிந்தால் போதும், சண்டை வந்தால் விலக்கிவிடத் தெரிந்தால் போதும். இயந்திரம் கெட்டால் சங்கம் பார்த்துக்கொள்ளும். பழுதுக்கென்று மாதச் சந்தாவிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்குவோம்.

கெட்டுப்போகட்டுமே தோழர்களே! உறைக்குள் கிடந்து பழசாகிப் போவதைவிட, நம் பிள்ளைகள் கைபட்டுத் தேய்வது மேல்.

இதோ சாவி. இதை நான் மேஜைமேல் வைக்கிறேன். எட்டு வருடம் துடைத்த அக்கா முதலில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.