ஒரு கையில் கடை, மறு கையில் விலங்கு



காவிரி தெற்கிலும் கொள்ளிடம் வடக்கிலும் ஓட, இடையில் கிடக்கும் திருவரங்கத் தீவின் தெற்கு வாயிலில் ஓர் அரசகோபுரம் நிற்கின்றது. 1987-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அதன் உயரம் 236 அடி. ஏறத்தாழ 72 மீட்டர். இனி மற்றோர் அளவைக் கேளுங்கள். தமிழ்நாட்டரசு 2003-ஆம் ஆண்டில் வகுத்த மதுச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி எல்லைக்குள் ஒரு மதுக்கடை கோயிலிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ 50 மீட்டர் தள்ளியிருந்தால் போதும். திருவரங்கமோ 1994 முதல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் உறுப்பு. அக் கோபுரத்தைத் தரையில் கிடத்தினால், அதன் முடி சட்டம் ஒப்பும் கடை வாயிலையும் தாண்டிப் போய்க் கிடக்கும்! சிற்றூர்களில் இவ் வெல்லை 100 மீட்டர். நகரத்துப் பிள்ளைக்கு மட்டும் பாதித் தொலைவு போதும் என்று எந்த அறிவு கண்டதோ, அறியோம்.

அதே மாநகரத்தில், அதே காவிரிக் கரையில், காவல்துறையினர் கஞ்சாப் பொட்டலம் தேடி இளைஞர்களின் பைகளைத் துழாவுகின்றனர். வலிநீக்கி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் விடலைகளைப் பிடிக்கின்றனர். பிடிக்கட்டும், வேண்டா என்பார் இலர். ஆனால் ஒரே அரசு ஒரு மயக்கத்தை விற்றுக்கொண்டும் மற்றொரு மயக்கத்தை வேட்டையாடிக்கொண்டும் இருப்பதன் பொருள் என்ன? வேட்டைக்கு ஆகும் செலவு யார் வீட்டுப் பணம்? அஃது எங்கே போய்ச் சேருகின்றது? இவற்றை எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொற்களைப் பாருங்கள். கள், மட்டு, நறவு, தேறல், தோப்பி, பிழி என்று குடிவகைக்குப் பழந்தமிழில் பெயர்கள் பல. அதியமான் தனக்குக் கிடைத்த சிறிதளவு கள்ளையும் தானுண்ணாமல் ஔவைக்கே கொடுத்தான் என்பது புறநானூறு காட்டும் நட்பு. தமிழன் குடித்ததேயில்லை என்று பொய் சொல்லி இனத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. குடித்தான்; குடியின் கேட்டையும் கண்டான்; கண்டமையாலன்றோ வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார்! ஆனால் கஞ்சா என்பது வடசொல். அபினி என்பது கிரேக்கத்தில் தோன்றி அரபு வழியாக வந்த சொல். குடியின்மேல் வரி தண்டும் துறைக்கு ஆங்கிலேயன் வைத்த ‘ஆப்காரி’ என்னும் பெயரோ பாரசீகம். மயக்கத்தை விலைக்கு விற்று அதனால் கருவூலத்தை நிரப்பும் கலைக்குத் தமிழில் பெயரில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அக் கலை வெளியிலிருந்து வந்தது. இங்கே வந்தபின்தான் கொழுத்தது.

சென்னை ஆப்காரிச் சட்டம் 1886-இல் வந்தது. பனையும் தென்னையும் வளர்த்தவன் தன் மரத்தில் தானே சீவுதற்கும் வெள்ளையனிடம் ஒப்பம் பெற வேண்டியவன் ஆனான். 1921-இல் கள்ளுக்கடை மறியலின்போது பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் மறியலில் முன்னின்றனர். 1937 அக்தோபர் முதல் நாள் இராசாசி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அவரே மறு ஆண்டில் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தினார். 1938 ஆகத்து முதல் நாள் இதே திருச்சிராப்பள்ளியிலிருந்து தமிழர் பெரும்படை சென்னை நோக்கி நடந்தது. ஒரு கையால் கள்ளை நிறுத்தி, மறு கையால் இந்தியை ஊற்றிய ஆட்சி அது.

கள் வருவாய் போனமையால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரி பிறந்தது. இந்தியாவிலேயே அவ்வகை வரிக்கு முன்னோடி அதுதான். உப்பு புளி வாங்கும் ஏழையும் மதுவிலக்கின் செலவைத் தாங்கினான். பின்னர் 1971 ஆகத்துத் திங்களில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, அதனைத் தடுக்க முதுமையிலும் இராசாசி முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு வேண்டினார், பயனில்லை. இடையில் மூடினர், 1981-இல் ம.கோ.இரா. ஆட்சி திறந்தது, 1983-இல் மொத்த வணிகத்துக்கென டாசுமாக்கு நிறுவனம் தோன்றிற்று, 2003-இல் செயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. இவ்வளவும் நடந்தபின் அந்த விற்பனை வரி போயிற்றா? போகவில்லை. கள் வருவாய் இல்லாமையால் வந்த வரி, கள் வருவாய் திரும்பி வந்தபின்னும் நின்றது. அரசுக்கு இரட்டை வேளாண்மை!

அந்த அறுவடையின் அளவு இது. 2003-04-இல் டாசுமாக்கால் கருவூலத்துக்கு வந்தது ஏறத்தாழ 3,640 கோடி உருபா. 2023-24-இல் 45,855 கோடி. இருபதாண்டில் பன்னிரு மடங்கு. நாளொன்றுக்கு 125 கோடி! வேறெந்தத் தொழில் இங்ஙனம் வளர்ந்தது? முதலமைச்சரையே 2011-இல் பேரவைக்கு அனுப்பிய தொகுதி திருவரங்கம். அப்போதும் கடை கடையாகவே இருந்தது.

இனி, தடைசெய்யப்பட்ட மயக்குப் பொருள்களுக்கு வருவோம். அவற்றுக்கான சட்டம் தில்லியில் 1985-இல் இயற்றப்பட்டது. அதன் நடைமுறை எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கின்றதா? கசகசாச் செடியிலிருந்து அபினி எடுக்க மத்தியப்பிரதேசம், இராசத்தான், உத்தரப்பிரதேச உழவர்களுக்கு இந்திய அரசே உரிமம் கொடுக்கின்றது. காசிப்பூரிலும் நீமச்சிலும் இந்திய அரசின் அபினி ஆலைகள் உள. மருந்துக்காக என்பர், சரி. கஞ்சாச் செடியின் பூக்கதிர் இந்தியா முழுவதும் குற்றம். ஆனால் அதே செடியின் இலையை மட்டும் அரைத்தால் அது ‘பாங்கு’. சட்டத்தின் வரையறைக்குள் அது வாராது! வடக்கே அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள. வடவன் விழாவில் குடிப்பது வழக்கம். தமிழிளைஞன் பையில் இருப்பது குற்றம். கஞ்சாவுக்குப் பரிந்து பேசவில்லை, தோழர்களே. அளவுகோல் யார் கையில் இருக்கின்றது என்பதைத்தான் காட்டுகின்றோம்.

தமிழ்நாட்டுக்கு வரும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திர-ஒடிசா எல்லை மலைக்காடுகளில் விளைவது. விசாகப்பட்டினம் வழியாக வரும் தொடர்வண்டிகளில், உரிமையாளர் இல்லாத பைகளாக, இருக்கைக்கு அடியில் அது பயணம் செய்கின்றது. பல தடங்கள் கூடும் திருச்சிராப்பள்ளிச் சந்திப்பு அவ்வழியில் ஒரு முடிச்சு. இங்கிருந்து ஒரு கிளை நாகை, வேதாரணியம், இராமநாதபுரம் கரைகளுக்குப் போய்ப் படகேறி ஈழக் கரையில் இறங்குகின்றது. அங்கே அதற்குக் ‘கேரளக் கஞ்சா’ என்று பெயர்! விளைந்தது ஓரிடம், பெயர் வேறிடம், சீரழிவது 2009-க்குப் பின் வீடும் உறவும் இழந்து நிற்கும் நம் உறவின் பிள்ளைகள். வானூர்தி நிலையத்திலோ வகை வேறு. மண்ணின்றி நீரில் வளர்த்த விலையுயர்ந்த கஞ்சாவை, தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து வருவோர் பெட்டியில் சுங்கத்துறையினர் பிடிக்கின்றனர்.

பிடிபடுகின்றவன் யார்? பையைச் சுமந்தவன். சில ஆயிரம் உருபாவுக்காக ஓர் இரவு கண்விழித்து வந்த கூலி. கஞ்சா ஒரு கிலோ வரை சிற்றளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்று எழுதப்பட்டுவிட்டால் 10 முதல் 20 ஆண்டுச் சிறை; ஓரிலக்கத்துக்குக் குறையாத தண்டம். 37-ஆம் பிரிவின்படி பிணையில் வெளிவருவது மிக அரிது. குற்ற அறிக்கை அளிப்பதற்கே 180 நாள் இடமுண்டு. பணம் போட்டவன் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதேயில்லை. அவன் அடுத்த வண்டிக்கு வேறொரு கூலியைப் பார்த்துக்கொள்கின்றான்.

இவ் வொரு பைக்கு ஆகும் பொதுச்செலவை எண்ணுங்கள். மறிக்கும் காவலர், சோதிக்கும் அலுவலர், கூறு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புதல், தனி வழக்குமன்றம், அரசு வழக்கறிஞர், ஆண்டுக்கணக்கில் சிறைச் சோறு, ஒவ்வொரு தவணைக்கும் வழிக்காவல், பிடித்த சரக்கைக் காத்து எரித்தல். 2021 முதல் தமிழ்நாட்டுக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ என்று பெயரிட்டுப் பல சுற்று நடத்திற்று, ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டனர். வேட்டை ஒன்றாவது சுற்றிலேயே வென்றிருந்தால் நான்காவது சுற்று எதற்கு?

உடலுக்கு இவை செய்வதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கஞ்சாவில் கேடில்லை என்று பரப்புவோர் கல்லூரி வாயில்தோறும் உளர். மூளை இருபது அகவை கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது. அவ்வளர்ச்சிக் காலத்தில் நாளும் புகைப்பவனுக்கு நினைவாற்றல் குன்றும். மனப்பிறழ்வு தோன்றும் வாய்ப்பு மிகும். ஊசி இன்னும் கொடிது. வாயால் விழுங்குதற்கென்று செய்த மாத்திரையில் மருந்து மட்டுமா உள்ளது? மாவும் பசையும் உள்ளன. அவற்றைக் கரைத்து நரம்பில் ஏற்றினால் துகள்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன; கை புண்ணாகி அழுகுகின்றது; ஓர் ஊசியை மூவர் மாற்றிக் குத்திக்கொண்டால் கல்லீரல் அழற்சி நச்சு மூவருக்கும் பரவுகின்றது. நிறுத்த முயன்றாலோ உடல் முறுக்கும், வயிறு போகும், உறக்கம் ஒழியும். அந்த மூன்று நான்கு நாளைத் தனியே கடக்க எந்தப் பிள்ளையாலும் இயலாது. அவனுக்கு அப்போது வேண்டுவது மருத்துவன்.

இவற்றைவிடப் பெருங்கேடு எது? 2019-இல் தில்லி அனைத்திந்திய மருத்துவக் கழகத்தின் ஆய்வு வெளிவந்தது. இந்தியாவில் 10 முதல் 75 அகவையினருள் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு; கஞ்சாவும் பாங்கும் கொள்வோர் 2.8, அபினி வகையினர் 2.1. மதுவுக்கு அடிமையானோருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் மருத்துவ உதவி பெற்றவர். தடைப்பொருள்களுக்கு அடிமையானோருள் 20 பேருக்கு ஒருவர். மற்றவர் எங்கே? வீட்டில். திண்ணையில். தாயின் தாலி அடகுக்கடையில்.

மலிவுச் சாராயம் தேடிப் போனவர்கள் கதை தனி. 2023 மே திங்களில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து ஏழைகள் மாண்டனர். கள்ளக்குறிச்சியில் மட்டும் 65-க்கும் மேற்பட்டோர். மெத்தனால் உடலுக்குள் எறும்பமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் தின்கின்றது. குடித்தவன் மறுநாள் ‘பார்வை மங்குகிறது’ என்பான். அப்போதே மருந்து கொடுத்தால் பிழைப்பான். மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலக்கம் அரசு கொடுத்தது. அவ்வாண்டே சட்டத்தைத் திருத்தி, நச்சுச் சாராயத்தால் உயிர் போயின் வாழ்நாள் சிறை என்றது. இரண்டும் சாவுக்குப் பின் வந்தவை.

மதுக்கடையை மூடு என்று பாடியவனுக்கு நேர்ந்ததையும் இவ்வூர் கண்டது. மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவன் திருச்சிராப்பள்ளிக்காரர். 2015 அக்தோபர் 30 விடியுமுன் அவர் வீட்டுக் கதவைக் காவலர் தட்டினர். கஞ்சாவுக்காகவா? பாட்டுக்காக! இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு, அதாவது அரசின்மேல் வெறுப்பை விளைவித்த குற்றம், அவர்மேல் சுமத்தப்பட்டது. அதே ஆண்டு சூலை இறுதியில்தான், உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்தில் காந்தியவாதி சசிபெருமாள் உயிர் துறந்தார். மதுவைக் காக்கவும் காவல்துறை, கஞ்சாவைப் பிடிக்கவும் காவல்துறை. செலவு இரண்டுக்கும் ஒரே கருவூலத்திலிருந்து!

ஆகவே தமிழர் கேட்க வேண்டியது வேட்டையை நிறுத்து என்பதன்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழிகள் கிடக்கின்றன. அடிமைப்பட்டவன் தானே முன்வந்து மருத்துவம் பெற்றால் அவனை வழக்கிலிருந்து விடுவிக்க 64அ பிரிவு இடந்தருகின்றது. சிற்றளவுக்காகக் குற்றவாளி எனக் கண்டவனையும் சிறைக்கு மாறாக மருத்துவத்துக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு வழக்குமன்றத்துக்கு உரிமை தருகின்றது. எத்தனைக் காவல் நிலையங்களில் இவ்விரண்டையும் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்கின்றனர்? முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் திருச்சிராப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை ஆண்டுதோறும் பேரவையில் வைக்கும் கொள்கைக் குறிப்பில் வருவாய் கோடிக்குப் பின் புள்ளியிட்டு இரண்டு இலக்கம் வரை அச்சாகின்றது. அதே பக்கத்தில், மாவட்டந்தோறும் எத்தனைப் படுக்கை, எத்தனை மனநல மருத்துவர், எத்தனைப் பேர் வந்தனர், எத்தனைப் பேர் ஓராண்டு கழித்தும் மீளாதிருந்தனர், வருவாயில் எத்தனை உருபா இதற்குப் போயிற்று என்ற கணக்கும் அச்சாக வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரையும், திருவரங்கத்தார் உட்பட, எழுதிக் கேளுங்கள். மறுமொழி வாராவிடின் மீண்டும் கேளுங்கள்.

அவர்கள் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லக்கூடும். 71-ஆம் பிரிவைக் காட்டுங்கள். மீட்பு மருத்துவ நிலையங்களை எத்தனை வேண்டுமானாலும் அரசு தொடங்கலாம் என்று அது சொல்கின்றது. ஆனால் அப்பிரிவில், ‘தன் விருப்பப்படி’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துத்தான் தில்லி முதலில் எழுதியிருந்தது.