விலைக்கு வந்த செய்தி



வேட்பாளரின் விளம்பரத்தைப் பார்த்தால் அது விளம்பரம் என்று நமக்குத் தெரியும். தன்னைப் பற்றி உயர்வாகத்தான் சொல்வார் என்று பாதியைக் கழித்துவிட்டுப் படிப்போம். செய்தியை அப்படிப் படிப்பதில்லை. நிருபர் நேரில் போய் விசாரித்து எழுதியிருக்கிறார் என்று நம்புகிறோம். தேர்தல் நேரத்தில் சில ஊடக நிறுவனங்கள் விற்றது இந்த நம்பிக்கையைத்தான்.

2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது, ஒன்றுக்கொன்று போட்டியான மராத்தி நாளிதழ்களில் முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை சொல் மாறாமல் வந்தது. விளம்பரம் என்ற குறிப்பு இல்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை 'தி இந்து'வில் அம்பலப்படுத்தினார். பணம் எதுவும் கைமாறவில்லை என்று முதலமைச்சர் தரப்பு மறுத்தது.

இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் அமைத்த இருவர் குழு, பணத்துக்குச் செய்தி வெளியிடுவது நாடெங்கும் நடப்பதை 2010இல் 71 பக்க அறிக்கையாக எழுதியது. புகழ்ந்து எழுத ஒரு 'பேக்கேஜ்', எதிராளியைத் தாக்கி எழுத இன்னொன்று. பணம் தராத வேட்பாளரின் பெயரே செய்தியில் வராது. பெரும்பாலும் கணக்கில் வராத ரொக்கம். அதனால் தேர்தல் செலவு வரம்பும் அர்த்தமிழந்தது. அறிக்கை நிறுவனங்களின் பெயரையும் சொன்னது. கவுன்சில் என்ன செய்தது? சுருக்கமான ஓர் அறிக்கையை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை 2011இல், மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் வெளியே வந்தது. திருட்டைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டியவர்களே அதில் பங்காளிகளாக இருந்தால் வேறென்ன நடக்கும்?

அதே ஆண்டு அக்டோபரில், இப்படி வந்த செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாத உத்தரப் பிரதேச சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவை, தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. வாங்கியவருக்குத் தண்டனை கிடைத்தது. விற்பவரையும் சேர்த்துத் தண்டிக்கும்படி இதைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தும், சட்டம் திருத்தப்படவில்லை. என்னைப் பொறுத்தவரை, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைவிட இது கொடியது. ஓட்டுக்குப் பணம் வாங்கியவருக்குத் தான் வாங்கியதாவது தெரியும். இங்கே ஏமாந்தது வாசகருக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் காலத்தில் ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கிறது. ஒரே புகழுரை இரண்டு பத்திரிகைகளில் வந்தால், கத்தரித்து எடுத்துக்கொண்டு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் புகார் கொடுங்கள்.