கேள்வி கேட்கும் செவிலியர்



பிரசவ வார்டில் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தம் போகிறது. எவ்வளவு போயிருக்கும்? பல மருத்துவமனைகளில் இதைக் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். மூத்தவர்கள் அப்படிச் செய்தார்கள், இளையவர்களும் அப்படியே செய்கிறார்கள்.

அந்த மதிப்பீடு சரிதானா என்று நம் பக்கத்து மாநிலத்தில், கர்நாடகத்தின் பெல்காமில் சோதித்துப் பார்த்தார்கள். தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். கண்ணால் சொன்ன கணக்கு, அளந்த கணக்கைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 2006இல் அந்த ஆய்வு வெளியானது.

பிறகு கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் ஏறக்குறைய பாதி மருத்துவமனைகளில் இதேபோன்ற அளவு விரிப்பைப் பயன்படுத்தினார்கள். ரத்தப்போக்கு அதிகம் என்று தெரிந்ததும் கருப்பையை நீவிவிடுவது, மருந்து, டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் தாமதமின்றி ஒருசேரச் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான முறையைத் தொடர்ந்த மற்ற மருத்துவமனைகளைவிட அங்கே கடுமையான பாதிப்புகள் 60 சதவீதம் குறைவாக இருந்தன. இது 2023இல் வந்த முடிவு.

இப்படி ஆய்வில் தேறிய முறையைத் தேடிக் கையாள்வதைத்தான் சான்று சார்ந்த செவிலியப் பணி என்கிறோம். அதைக் கற்றுக்கொடுக்க முடியும். முதலில் வார்டில் எழும் சந்தேகத்தைத் தெளிவான கேள்வியாக்க வேண்டும். அதற்கு நல்ல ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேட வேண்டும். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், நம் நோயாளிகளுக்குப் பொருந்துமா என்று எடைபோட வேண்டும். பிறகு டாக்டரோடு கலந்து பேசி, நோயாளியின் விருப்பத்தையும் கேட்டு, நடைமுறைப்படுத்த வேண்டும். கடைசியாக, பலன் கிடைத்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய நகரத்து மருத்துவமனைகளுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். நம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கிறது சிட்டிலிங்கி. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அப்போது அந்தப் பகுதியில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே அவர்கள் செவிலியர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஊர்தோறும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிற்காலத்தில் அந்த 147 என்ற எண் 20 அளவுக்கு இறங்கியது. கற்றுக்கொடுத்ததும், விடாமல் கணக்கெடுத்ததும் சேர்ந்ததால்தான் இந்த மாற்றத்தை நாம் இன்று எண்ணாகச் சொல்ல முடிகிறது.

மலைக்கிராமத்துப் பெண்களால் முடிந்தது, முறையாகப் படித்துத் தேர்ச்சி பெற்ற நம் ஸ்டாஃப் நர்ஸ்களால் முடியாதா? நிச்சயம் முடியும். அவர்களுக்குக் குறைவாக இருப்பது நேரம். நோயாளிகள் நிறைந்த வார்டில், நைட் டியூட்டி முடித்துக் களைத்த ஒருவரிடம் ஆய்வுக் கட்டுரை படியுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. டியூட்டி நேரத்துக்குள்ளேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு வார்டு, ஒரு கேள்வி என்று தொடங்கினால் போதும். இளைய செவிலியர் 'ஏன் இப்படிச் செய்கிறோம்?' என்று கேட்டால், அதை எதிர்த்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அரூர், பென்னாகரம், பாலக்கோடு மருத்துவமனைகளும் இந்தப் பயிற்சியைச் செவிலியர்களின் அன்றாடப் பணியில் ஒரு பகுதியாக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பல தாய்மார்களை உயிரோடு வீடு திரும்ப வைக்கும்.