சேர் பக்கத்திலேயே வகுப்பு
(கொடைக்கானலில் நடைபெற்ற முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஏழாயிரம் அடி உயரத்தில், பல் கிட்டிக்கிற குளிரில், பல் டாக்டர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன், பயப்படாதீர்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு, 'சிறப்புப் பல் மருத்துவர்களுக்குப் பணியிடத்திலேயே இணையவழிப் பயிற்சி'. தலைப்புதான் நீளம், கேள்வி சின்னது. எம்.டி.எஸ். முடித்து ஊருக்குப் போன பிறகு நமக்கு யார் சொல்லித் தருவது?

படிக்கும் மூன்று வருஷமும் பக்கத்தில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். "சார், கெனால் கிடைக்கலை" என்றால் வந்து எட்டிப் பார்க்கிறார். பாஸ் பண்ணின மறுநாள் அந்த ஆள் இல்லை. பெரிய ஊரில் இருந்தால் பக்கத்துத் தெரு நண்பரையாவது கூப்பிடலாம். இந்தப் பழனி மலையில் என்ன செய்வது? மன்னவனூரிலிருந்தோ தாண்டிக்குடியிலிருந்தோ வந்தவரிடம் "மதுரைக்குப் போங்க" என்று எழுதிக் கொடுக்கிறோம். கொடைக்கானலிலிருந்தே சுமார் 120 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு, துணைக்கு ஓர் ஆள். நிறையப் பேர் போகவே மாட்டார்கள். வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். புகையிலை, பாக்கு போட்டு வாய் திறக்க முடியாமல் வருகிறவரை அப்படித் தள்ளிப்போட விட்டால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே நமக்குப் பயிற்சி கிடைப்பது நம் பெருமைக்காக இல்லை. அந்த நோயாளிக்காக.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. வேலூர் சி.எம்.சி. 2006-இல் குடும்ப மருத்துவத்தில் தொலைநிலைப் பட்டயப் படிப்பு தொடங்கியது. டாக்டர் தன் ஊர் மருத்துவமனையை விட்டு வராமலே பாடம் படிப்பார், குறிப்பிட்ட நாட்களில் நேரில் வந்து கற்றுக்கொள்வார். இந்த மலைக்குத் தெற்கே அடிவாரத்தில் இருக்கிற தேனியைப் பாருங்கள். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றியுள்ள சிற்றூர்க் கண் மையங்களைக் கம்பியில்லா இணைப்பில் சேர்த்தது. நோயாளி தன் ஊரில், டாக்டர் திரையில். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் டாக்டர் சஞ்சீவ் அரோரா, 2003-இல் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கிராமத்து டாக்டர்கள் வாரந்தோறும் தங்கள் ஹெபடைடிஸ் சி நோயாளிகளைப் பற்றி நிபுணர்களோடு திரையில் பேசுவார்கள். 2011-இல் வெளியான ஆய்வில் பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், எக்கோ டாக்டர்களிடம் 58.2 சதவீதம். தூரம் ஒரு தடையே இல்லை என்று ஆகிவிட்டது.

"சரிங்க, அது மருந்து கொடுக்கிற வைத்தியம். நம்முடையது கை வேலை ஆச்சே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜார்ஜ் மில்லர் என்ற கல்வியாளர் 1990-இல் நான்கு படி சொன்னார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவேன், தினமும் செய்கிறேன். முதல் இரண்டையும் இணையம் நன்றாகத் தரும். மூன்றாவதும் நான்காவதும் சேர் பக்கத்தில்தான் நடக்கும். வீடியோ பாடங்களை ஏற்றிவிட்டு 'ஆன்லைன் பயிற்சி' என்று பெயர் வைத்தால், முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவோம்.

ஆகவே, வடிவமைக்கும்போது பாடத்திட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்த டாக்டரின் ஒரு வாரத்து நோயாளிப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். எந்த கேஸைத் திருப்பி அனுப்பினார், எதில் கை தயங்கியது, அதுதான் பாடம்.

இரண்டாவது, விடையைப் பார்ப்பதற்கு முன் எழுத வைக்க வேண்டும். எக்ஸ்ரே, வாயின் படங்கள், கூடவே "நான் இப்படிச் செய்யப்போகிறேன், காரணம் இது" என்று நாலு வரி. அதற்குப் பிறகே வழிகாட்டியின் கருத்து. இல்லாவிட்டால் எல்லாரும் "நானும் அதைத்தான் நினைச்சேன் சார்" என்பார்கள்!

மூன்றாவது, மலையின் சிக்னலை நம்பாதீர்கள். மழை வந்தால் கரண்ட் போகும், கரண்டோடு நெட்டும் போகும். பாடம் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் இருக்க வேண்டும், முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நேரடி ஒளிபரப்பை விடத் தெளிவான படம் மேல்.

நான்காவது, கையைப் பார்க்க ஒரு கண் வேண்டும். பக்கத்து ஊர் சீனியர் ஒருவர் மாதம் ஒரு முறை நேரில் நின்று ஒரு சிகிச்சையைப் பார்க்கட்டும். அல்லது விளக்குக்குப் பக்கத்தில் கேமரா வைத்துப் பதிவு செய்து அனுப்பட்டும். முடிந்ததும் பத்து நிமிஷம் பேச்சு: நன்றாகச் செய்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று. மார்க் போடுவது அப்புறம். வருஷத்தில் சில நாள் கல்லூரிக்கே வந்து மாதிரித் தலையில் கை பழகவும் வேண்டும்.

ஐந்தாவது, நம்பிக்கையைப் படிப்படியாகக் கொடுப்பது. நெதர்லாந்தின் ஓலே டென் கேட் 2005-இல் முன்வைத்த கருத்து இது. நம் பாஷையில் சொன்னால், "நான் பக்கத்தில் இருந்தால் செய், போனில் இருந்தால் செய், தனியாகவே செய்." ஒவ்வொரு சிகிச்சைக்கும் எந்தப் படி என்று வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அவர் பொறுப்பு. வெறும் வருகைப் பதிவு இல்லை.

இன்னொன்று, நோயாளியின் சம்மதம். முகமும் பெயரும் தெரிகிற எக்ஸ்ரேயை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்தை இன்றோடு விடுவோம். படிப்பறிவில்லாத மலைவாசி என்றாலும் அவர் வாய் அவருடையது. கேட்டுத்தான் படம் எடுக்க வேண்டும்.

மாணவர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது எம்.டி.எஸ்.-க்குக் குறுக்கு வழி இல்லை. மூன்று வருஷம் கல்லூரியில் இருந்து படித்துத்தான் ஆக வேண்டும். இது பட்டம் வாங்கிய பிறகு கை துருப்பிடிக்காமல் இருக்க ஒரு வழி.

கடைசியாக, சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வழிகாட்டியை வாங்க முடியாது. இந்த மண்டபத்தில் வேர் சிகிச்சை, ஈறு, பல்செட்டு, கம்பி கட்டுவது, தாடை அறுவை என்று எல்லாத் துறையிலும் ஆள் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு ஜூனியர், மாதம் ஒரு மணி நேரம், கேட்ட கேள்விக்கு இரண்டு நாளுக்குள் பதில். இவ்வளவுதான் நான் கேட்பது. சாப்பாட்டு இடைவேளையில் வாசல் மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், துறை, எந்தக் கிழமை தோதுப்படும் என்று எழுதிவிட்டுப் பந்திக்குப் போங்கள். ஜூனியர்கள் தனித்தாளில் தங்கள் ஊரையும் தயங்குகிற சிகிச்சையையும் எழுதட்டும். ஜோடி சேர்ப்பது என் வேலை.