வென்றோர் பக்கமும் தோற்றோர் பக்கமும்



வெண்ணிப் போரில் கரிகாற் சோழன் வென்றான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் பட்டதற்கு நாணி, வடக்கிருந்து உயிர் நீத்தான். சோழனைப் பாட வந்த வெண்ணிக் குயத்தியார், தோற்ற அச்சேரனே மேலானவன் என்னும் கருத்தை வென்றவன் செவியிலேயே படும்படி பாடினார். புறநானூற்றிலுள்ள அப்பாட்டு, போரின் மறுபக்கத்தைக் காணும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று என்பதற்குச் சான்று.

திரைப்படத்தில் இதனைச் செய்து காட்டியவர் அமெரிக்க இயக்குநர் கிளிண்ட் ஈஸ்ட்வுட். அவர் எடுத்துக்கொண்டது இவோ ஜிமாப் போர். பசிபிக் கடலிலுள்ள அந்தச் சிறிய எரிமலைத் தீவுக்காக 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை கடும்போர் நடந்தது. அமெரிக்கர் ஏறத்தாழ 6,800 பேர் மாண்டனர். தீவைக் காத்து நின்ற ஜப்பானியர் சுமார் 21,000 பேர். அவருள் பெரும்பாலோர் மடிந்தனர். போர் நடந்த நாட்களில் சிறைப்பட்டோர் 216 பேரே. இந்த ஒரு போரை ஈஸ்ட்வுட் 2006ஆம் ஆண்டில் இரு படங்களாக வெளியிட்டார்.

'நம் தந்தையரின் கொடிகள்' என்னும் பொருள்படும் முதற்படம் அமெரிக்கர் பக்கத்தது. சூரிபாச்சி மலைமேல் வீரர் அறுவர் கொடி நாட்டும் புகைப்படம் அன்று அமெரிக்காவெங்கும் புகழ் பெற்றது. அதிலிருந்தவர்கள் எனக் கருதப்பட்டோருள் உயிர் பிழைத்த மூவரை அரசு தாயகத்துக்கு வரவழைத்து, போர்க்கடன் பத்திரம் விற்க ஊர் ஊராக அழைத்துச் சென்றது. தம் தோழர் மாண்டிருக்கத் தாம் வீரரெனக் கொண்டாடப்படுவதில் அவர்கள் பட்ட துயரமே கதை. படம் வெளிவந்தபின், 2016இலும் 2019இலும், அம்மூவருள் இருவர் அப்புகைப்படத்தில் இல்லவே இல்லை என அமெரிக்க மரீன் படையே அறிவித்தது. வென்றவர் தம் பக்கத்தைக்கூடச் சரியாக அறிந்திருக்கவில்லை!

'இவோ ஜிமாவிலிருந்து கடிதங்கள்' என்னும் இரண்டாம் படம் ஏறக்குறைய முழுவதும் ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது. அதன் நாயகர் தளபதி குரிபயாஷி, முன்னர் அமெரிக்காவில் வாழ்ந்து அந்நாட்டை நன்கறிந்தவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை இப்படத்தில் பெரிதும் ஈர்த்த காட்சி ஒன்றுண்டு. 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்ற நிஷி என்னும் அதிகாரி ஆங்கிலம் அறிந்தவர். காயமுற்றுச் சிறைப்பட்ட அமெரிக்க இளைஞன் குகைக்குள் இறந்துபோகிறான். அவன் தாய் எழுதிய கடிதத்தை நிஷி ஜப்பானிய மொழியில் பெயர்த்து உரக்கப் படிக்கிறார். வீரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கின்றனர். அத்தாயின் சொற்கள் தன் தாயின் சொற்களாகவே இருந்தன எனப் பின்னர் ஒருவன் கூறுகிறான். பகைவனை மனிதனாக்கியது ஒரு மொழிபெயர்ப்பு.

ஆனால் அவ்வீரன் பின்பு சரணடைந்தபோது, அவனைக் காவல் காத்த அமெரிக்கரே அவனைச் சுட்டுக் கொல்கின்றனர். ஜப்பானியரும் சிறைப்பட்ட அமெரிக்கன் ஒருவனைக் கொடுமையாகக் கொல்வதை அதே படம் காட்டுகிறது. எப்பக்கத்தையும் இயக்குநர் தூய்மைப்படுத்தவில்லை.

இங்கே தமிழர் ஒருவர் நியாயமாகவே ஒரு கேள்வி எழுப்பலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படையினர் சயாம்–பர்மா ரயில் பாதை அமைத்தபோது, மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மாண்டனர். அப்படையினர்மீது நாம் இரக்கம் கொள்வது எங்ஙனம்? இருபக்கமும் காண்பது இருபக்கத்தையும் ஒரே நிறையில் நிறுத்துவதாகாது என்பதே என் விடை. தாயின் கடிதத்துக்கு உருகும் ஒருவனும் கொடுமைக்குத் துணைபோகக்கூடும். அதை அறிவதே நமக்கு எச்சரிக்கை. அன்றியும், இருபக்கங்களோடு போர் முடிந்துவிடுவதில்லை. கடிதம் எழுதவும் வாய்ப்பின்றி மடிந்த அத்தொழிலாளர் பக்கத்துக்கும் ஓர் ஈஸ்ட்வுட் வேண்டும்.

பகைவன் என்றும் பகைவனாகவே இருப்பதில்லை என்பதற்கு, நான் வாழும் திருவனந்தபுரத்துக்கு அணித்தே ஒரு சான்று உளது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா மன்னர் டச்சுப் படையை வென்றார். சிறைப்பட்ட டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றும் தளபதியானார், 1777இல் மறைந்தார். பத்மநாபபுரத்தை அடுத்த உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

நாகர்கோவில் வழியே தாயகம் செல்லும் நேயர்கள் அக்கல்லறையைக் காணலாம். வாய்ப்புள்ளோர் அவ்விரு படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே காணவேண்டும். முதற்படத்தில் முகமின்றித் தோன்றும் எதிரிக்கு இரண்டாம் படத்தில் முகமும் மொழியும் வந்து சேர்வதை அப்போதுதான் முழுமையாக உணர இயலும்.