மீன் குழம்புச் சட்டியில் காளான்

(மதுரை கோரிப்பாளையத்தில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாகுபடியைப் பற்றிப் பேச வேண்டிய அதிகாரி சமையலைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் வியக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வட்டாரத்தில் மகளிர் குழு ஒன்றைச் சிப்பிக் காளான் வளர்க்குமாறு தூண்டினேன். அவர்கள் குடில் அமைத்தார்கள். வைக்கோலை வேகவைத்துப் பைகளில் நிரப்பினார்கள். காளானும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆனால் வாங்குவாரில்லை. "இதை எப்படிச் சமைப்பது?" என்று கேட்டனர் சிலர். "மழைக்கு முளைத்ததைத் தின்றால் உயிருக்கு ஆபத்து" என்றார் ஒரு மூதாட்டி. இரண்டு மூன்று நாட்களில் அத்தனையும் கெட்டு எருக்குழிக்குப் போயிற்று. அந்தப் பெண்களின் உழைப்பு வீணானதற்கு நானும் ஒரு காரணம். வளர்க்கக் கற்றுக்கொடுத்தேன், உண்ணக் கற்றுக்கொடுக்க மறந்தேன். ஆகவேதான் இன்று அடுப்பங்கரையிலிருந்து தொடங்குகிறேன்.

மீன் இல்லாத நாட்கள்

மதுரை கடலை விட்டு விலகிய ஊர். நாம் உண்ணும் கடல்மீன் இராமேசுவரம், தூத்துக்குடி முதலிய கரைகளிலிருந்து பனிக்கட்டியில் புதைந்து வருகிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளில் மீன்பிடிக்கத் தடை உள்ளது. முன்பு 45 நாட்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. அந்நாட்களில் மீனின் விலை ஏறிவிடுவதை நீங்கள் அறிவீர்கள்.

அதே காலத்தில்தான் பெரும்பாலும் நமது சித்திரைத் திருவிழாவும் வருகிறது. விரதம் காக்கும் வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறுவதில்லை. புரட்டாசியிலும் இதே நிலைதான். இவை தவிர, பால், நெய், முட்டை உட்பட உயிரினங்களிலிருந்து கிடைக்கும் எதையுமே உண்ணாத 'வீகன்' என்னும் உணவுமுறையினரும் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றனர். இவர்களுக்கெல்லாம் மீன் குழம்பின் சுவையை ஓரளவு தரக்கூடிய பொருள் காளான்.

சுவையின் இரகசியம்

காளான் செடியுமன்று, பிராணியுமன்று; அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. கடற்சிப்பியைப் போன்ற வடிவம் கொண்டதால் சிப்பிக் காளான் என்று பெயர் பெற்றது. காளானில் இயற்கையாக உள்ள குளுட்டமிக் அமிலம் நாவுக்குப் புலாலை ஒத்த சுவையை அளிக்கிறது. சதைப் பற்றும் உண்டு. கடல் வாடை மட்டும் அதற்கு இல்லை. ஆனால் மீன் குழம்பு என்று நம் நாக்கு அறிந்திருப்பதில் பெரும் பங்கு புளி, வெந்தயம், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் ஆகியவற்றுக்கே உரியது. அவற்றைக் குறைவின்றிச் சேர்த்தால் காளானும் அந்தக் குழம்புக்கு இசைந்துவிடும்.

சமைக்கும் முறை

கால் கிலோ சிப்பிக் காளானை ஒருமுறை விரைவாக அலசித் துணியில் ஒற்றி எடுங்கள். நீரில் ஊறவிடலாகாது. கத்தியால் வெட்டாமல், கையால் நீளவாக்கில் கிழியுங்கள். அப்போதுதான் மீன் சதையைப் போல நார் நாராக இருக்கும். பிறகு எண்ணெயில்லாத சட்டியில் இட்டு, அதிலுள்ள நீர் வற்றும்வரை வதக்கித் தனியே வையுங்கள். பலரும் இதைச் செய்யாமல் விடுவதால்தான் குழம்பு நீர்த்துப்போகிறது.

நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கறிவேப்பிலை தாளித்து, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, மஞ்சள், உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாடை நீங்கியதும் அரைத்த தேங்காயைச் சேர்த்து, எண்ணெய் மிதந்து வரும்போது காளானை இட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். மீன் குழம்பைப் போலவே இதுவும் சிறிது நேரம் ஊறினால் சுவை கூடும்.

வறுவலுக்குப் பால் காளான் சிறந்தது. அதன் தடித்த தண்டை வில்லைகளாக அரிந்து, மிளகாய்ப் பொடி, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, சிறிது அரிசி மாவு தடவி, தோசைக் கல்லில் இருபுறமும் சிவக்க வறுத்தெடுங்கள். கணவாய் வறுவல் உண்டவர்கள் அந்த மென்மையை இதில் காண்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

மீனுக்குக் காளான் சுவையில்தான் ஈடு. சத்தில் முழு ஈடாகாது. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிராமில் சுமார் 3 கிராம் புரதமே உண்டு. மீனிலோ 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். ஆகவே காளான் சமைக்கும் நாளில் பருப்பு, சுண்டல், மொச்சை இவற்றில் ஒன்றும் இலையில் இருக்க வேண்டும். புலால், பால் இரண்டையும் அறவே விட்டவர்கள் வைட்டமின் பி12 பற்றி மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

இரண்டாவது எச்சரிக்கை உயிரைப் பற்றியது. அந்த மூதாட்டி சொன்னதில் உண்மை உண்டு. தானாக முளைக்கும் காளான்களில் நஞ்சுள்ளவையும் உள்ளன. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதும், பூச்சி கடித்திருப்பதால் நல்லது என்று நம்புவதும் தவறு. சமைப்பதால் எல்லா நஞ்சும் நீங்கிவிடுவதில்லை. தரமான வித்திலிருந்து வளர்த்த காளானை மட்டுமே உண்ணுங்கள். ஐயத்திற்குரிய காளானை உண்டவரை, வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வளர்ப்பும் விற்பனையும்

சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் வேண்டும். வித்திட்ட 40, 45 நாட்களுக்குள் மூன்று அறுவடை எடுக்கலாம். நம் கோடைக்கு ஏற்றது பால் காளான். 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் அது விளையும். அருப்புக்கோட்டையின் பெயர் தாங்கிய ஏ.பி.கே. 2 என்னும் பால் காளான் வகையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்டது. மீன்பிடித் தடைக்காலமும் பால் காளான் பருவமும் ஒன்றாக அமைவது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. 1965-இல் தொடங்கப்பெற்ற மதுரை வேளாண்மைக் கல்லூரி நமக்கு அண்மையில் இருக்கிறது. ஐயங்களை அங்கே கேட்டுத் தெளியலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் நூறு பை போடாதீர்கள். பத்துப் பையில் தொடங்குங்கள். முதல் அறுவடையை உங்கள் வீட்டிலேயே சமைத்து, அண்டை வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள். இந்தக் கோரிப்பாளையத்தைச் சுற்றி எத்தனை உணவு விடுதிகள்! தடைக்காலம் தொடங்குமுன்பே விடுதிக்காரர்களிடம் குழம்பைச் சுவைக்கக் கொடுத்து, எந்த நாளில் எத்தனை கிலோ வேண்டும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பைகளைப் பெருக்குங்கள். ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊர் மகளிர் குழுக்களைக் கூட்டி ஒருநாள் சமையல் செயல்விளக்கம் நடத்த முன்வந்தால் நானும் வந்து கலந்துகொள்வேன்.

முன்பொருமுறை எருக்குழிக்குப் போன காளான், இனி நம் இலைக்கும் சந்தைக்கும் போகட்டும் என்று கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.